கிதார் பூஜையில் இருந்தபோது பாடியவை

பங்க் குழு என்றால் மெதுவாகப் பாடக் கூடாது என்று நான் நம்பினேன். பாடியது வெளியே தெரிந்தால் எங்கிருந்தோ ஓர் அதிகாரி வந்து, ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதுபோல, எங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் ‘பங்க்’ என்பதை அடித்துவிட்டு ‘பக்தி’ என்று எழுதிவிடுவார் என்றும் நம்பினேன். ஐம்பதை நெருங்கும் ஆள் நான். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று தண்ணீர் கேட்பேன், எனக்குப் பின்னால் நாலு பேர் கைதட்டுவார்கள். அப்படிப்பட்டவன் இதை நம்பினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பங்க் என்பது மேற்கே பிறந்த ஒரு கத்தல் இசை. கிதாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், மிச்சத்துக்குக் கோபம் இருந்தால் சரி. எங்களுக்கு இரண்டரைப் பிடி தெரியும். கோபத்துக்குப் பஞ்சமே இல்லை, ஏனென்றால் பொள்ளாச்சி பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்காது. அதைப் பற்றி ஒரு பாட்டுப் போட்டோம். ஆரம்பித்தால் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். ‘நிறுத்துங்க! நிறுத்துங்க!’ என்பதுதான் பல்லவி. ஆத்திரத்தின் உச்சியிலும் டிரைவருக்கு மரியாதை குறையாமல் கத்திய ஒரே பங்க் குழு நாங்களாகத்தான் இருக்கும். அந்த ஒரு பாட்டு கல்லூரி விடுதிகளில் கைமாறி, பிறகு செல்போன்களில் கைமாறி, இன்றைக்கும் எங்கோ யாரோ கேட்கிறார்கள். குழுவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்று பேர். கிதார் நான். டிரம் அடித்தவன் முதலமடைக்காரன், இப்போது மாங்காய் வியாபாரி. பாடியவன் இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளி குடும்பத்துப் பிள்ளை, பாலக்காட்டில் படிக்க வந்து எங்களிடம் மாட்டிக்கொண்டவன். இப்போது மலைக்கே திரும்பிப் போய் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான். அந்த நாளில் எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தோம். மூன்று பேரும் சரி என்று சொன்னால்தான் எங்கள் பாட்டு எதுவும் நான்காவது ஆளின் காதுக்குப் போகலாம். ஒருவன் வேண்டாம் என்றால் வேண்டாம். குழு கலைந்த பிறகும் அந்தச் சட்டத்தை யாரும் கலைக்கவில்லை, மறந்துபோனதால்.

பஸ் பாட்டைத் தவிர இன்னும் ஐந்து பாட்டு இருந்தன. அவற்றை ஒலிப்பதிவு செய்தது சரஸ்வதி பூஜை விடுமுறையில். அதில்தான் என் மானம் மாட்டிக்கொண்டிருந்தது.

கோயம்புத்தூர் நண்பன் ஒருவனிடம் பாட்டரியில் ஓடும், கேசட்டில் பதியும் கருவி ஒன்று இருந்தது. பூஜை லீவு முடிவதற்குள் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையில் வாங்கி வந்தோம். மாங்காய் சீசன் இல்லாத காலம். டிரம்காரன் தோட்டத்து ஷெட் காலியாகக் கிடந்தது. வைக்கோல் மட்டும் சுவரோரம் குவிந்திருந்தது, மாங்காய் பழுக்க வைத்த வாசனை மட்டும் போகாமல் தங்கியிருந்தது. அதைவிட நல்ல ஸ்டுடியோ எங்கே கிடைக்கும்? டிரம்காரன் வீட்டில் விட்டிருந்த என் கிதாரை எடுத்து வருவோம் என்று போனால், அவன் அம்மா அதை ஏற்கெனவே பூஜைக்கு வைத்துவிட்டிருந்தார். பலகை மேல் சிவப்புத் துணி. அதன் மேல் தம்பியின் பாடப்புத்தகம், அப்பாவின் ஸ்பேனர் செட், அரிவாள், என் கிதார், அதன் கழுத்தில் செம்பருத்தி மாலை. டிரம்முக்குச் சந்தனம். ஓசையைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டிக்குக்கூட ஒரு குங்குமப் பொட்டு.

“தொட்டுப் போடாதீங்க. விஜயதசமியன்னைக்குக் காத்தாலதான் எடுக்கோணும்,” என்றார் அம்மா.

ஒலிப்பதிவுக் கருவி மட்டும் எப்படித் தப்பியது என்றால், அது அடுத்தவர் வீட்டுப் பொருள், நம் பூஜையில் வைக்கக் கூடாது என்று அவரே ஒதுக்கிவிட்டார்.

அரசாங்கத்தை எதிர்த்துப் பாடியவர்கள் நாங்கள். போலீஸை எதிர்த்தும், நிற்காத பஸ்ஸை எதிர்த்தும் பாடியிருக்கிறோம். அந்த அறை வாசலில் மூன்று பேரும் வரிசையாக நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு ஷெட்டுக்குத் திரும்பினோம்.

பிறகு நடந்தது எனக்கு இன்னும் கனவு மாதிரிதான் வருகிறது. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரக் கூரை முழுக்க ஒரே பேச்சு. பாடகன் வைக்கோலில் சாய்ந்து, செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும் லாரிக்குள் தூங்கும் டிரைவருக்கு ஒரு தாலாட்டுப் பாட ஆரம்பித்தான். டிரம்காரன் மாங்காய்ப் பெட்டியை விரல் நுனியால் தட்டினான், குழந்தை எழுந்துவிடும் என்பதுபோல. அது முடிந்ததும் செத்துப்போன என் மொபெட்டுக்கு ஓர் ஒப்பாரி. அதில் நான் மாரடித்து அழுதிருக்கிறேன், நிஜமாகவே அழுகை வந்தது, நல்ல வண்டி அது. அடுத்து கைதட்டி ஒரு கும்மி. அதில் மட்டும்தான் வேகம், அதிலும் கோபம் இல்லை. பக்கத்து மோட்டார் ரூமில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ரீங்காரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு பாடகன் ஒரு நீண்ட பாட்டை இழுத்தான். வார்த்தைகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, நெல்வயல், பனைமரம், மலைவிளிம்பு எல்லாம் தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல ஆகி, திடீரென்று கரண்ட் போய் மோட்டார் நின்றது. பாட்டும் நின்றது. அதுதான் முடிவு, வேறு முடிவு நாங்கள் யோசிக்கவில்லை.

கடைசிப் பாட்டில் வார்த்தையே கிடையாது. விடியற்காலையில் தேயிலை ஃபாக்டரியில் ஊதும் சங்கு இருக்கிறதே, தொழிலாளிகளை எழுப்புவது, அதைத் தொண்டையால் பாடினான். அடியிலிருந்து மெல்லக் கிளம்பி, மேடு மேடாக ஏறி, பனிக்கு மேலே போய் நிற்கும் ஒரு குரல். நாங்கள் இருவரும் தட்டுவதை விட்டுவிட்டு வைக்கோலில் வாய் பிளந்து படுத்திருந்தோம். மழை மட்டும் கூடப் பாடியது.

விஜயதசமி காலையில் கிதாரை எடுத்தபோது எல்லாம் தெளிந்துவிட்டது. இதை யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது என்று முதலில் சொன்னவன் நான். மற்ற இருவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள். கேசட் டிரம்காரன் வீட்டுப் பரணுக்குப் போனது. கரையான் தின்றிருக்கும் என்று நாங்களாக முடிவு செய்து நிம்மதியாக நடுத்தர வயதை அடைந்தோம்.

போன மாசியில் என் தோப்புக்கு ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பாலக்காட்டில் கல்பாத்தி அக்ரகாரத் தெருக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். கேட்பாரற்றுக் கிடக்கும் பாட்டுகளைத் தேடி எடுத்து இணையத்தில் வெளியிடுவது அவள் வேலை. பஸ் பாட்டின் நல்ல பிரதி கேட்டு டிரம்காரனிடம் போயிருக்கிறாள். அவன் பரணிலிருந்த கேசட்டையெல்லாம் மகனிடம் கொடுத்து எப்போதோ செல்போனில் ஏற்றி வைத்திருந்தானாம். பஸ் பாட்டைப் போட்டுவிட்டு லாரியில் மாங்காய் ஏற்றும் இடத்துக்குப் போய்விட்டான். போன் தானாகவே அடுத்த பாட்டுக்குப் போயிருக்கிறது. அதற்கடுத்ததற்கும்.

“அண்ணா, நான் அங்கயே பெட்டி மேல உக்காந்துட்டேன், கேட்டேளா? இப்படியும் பாடியிருக்கேள்னு ஒருத்தருக்கும் தெரியலையே. எல்லாரும் உங்களைக் கத்தறவாள்னு மட்டும்தானே நினைச்சிண்டிருக்கா!”

“கத்தறதுதாங்க எங்க தொழில்,” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

“ஒண்ணு மட்டும் கேக்கணும். அஞ்சு பாட்டிலயும் கிதாரே இல்லை. ஒரு பங்க் குழு கிதாரைத் துறக்கணும்னா அது பெரிய தீர்மானமாக்கும். ஏன் துறந்தேள்?”

என் இதயம் தேங்காய் விழுவதுபோல விழுந்தது. இளநீர் வெட்டித் தருகிறேன் என்று எழுந்தவன், அரிவாளை மறந்துவிட்டு வெறுங்கையோடு மரத்தைச் சுற்றி வந்தேன். பூஜைக்கு வைத்திருந்தோம், அம்மாவுக்குப் பயந்தோம் என்று சொல்வதா? கடைசியில் தோப்பைப் பார்த்துக்கொண்டு, “அது ஒரு மறுப்புங்க,” என்றேன்.

“ஆஹா,” என்றாள்.

“பொருளை மறுக்கிறதுங்க. ஓசையையே மறுக்கிறது.” வாய் நிற்கவில்லை. பயந்தால் எனக்குத் தத்துவம் வரும். சிலருக்கு விக்கல் வருவதுபோல.

அவள் போனதும் பைக்கை எடுத்துக்கொண்டு முதலமடைக்குப் பறந்தேன். டிரம்காரன் ஷெட்டில் மாங்காய் தரம் பிரிப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்றா பண்ணி வெச்சிருக்கற?” என்றேன்.

“நான் ஒண்ணும் பண்ணலீடா. போனுதான் பண்ணுச்சு.”

“அதையெல்லாம் கேட்டா ஊரு சிரிக்கும்டா. மொபெட்டுக்கு மாரடிச்சிருக்கறோம்!”

“நீதான் அடிச்ச. நான் பொட்டிதான் தட்டுனேன்.” ஒரு மாங்காயை முகர்ந்து பார்த்து வேறு குவியலில் வைத்தான். “எனக்குச் சம்மதம். நீ வேண்டாம்னா வேண்டாம். மலைக்காரன் என்ன சொல்றான்னு ஒரு வார்த்தை கேட்டுப் போடலாம், வா.”

அதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. பாடகன் எங்களில் அதிக முரடன். மேடையில் மைக்கைக் கடித்தவன். அவன் ஒருபோதும் சம்மதிக்க மாட்டான். “போலாம். ஆனா பூஜைக் கதைய அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் எடுத்துறாதே,” என்றேன்.

“ஏன், நீ என்ன சொல்லி வெச்ச?”

சொன்னேன். அவன் மாங்காய்க் குவியல் மேலேயே சரிந்து சிரித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரம்காரன் பிக்கப் வண்டியில் அவனும் நானும் அந்தப் பெண்ணும் கிளம்பினோம். உடுமலை தாண்டி, சின்னார்க் காட்டுக்குள் வெயில் புள்ளி புள்ளியாகச் சாலையில் கிடந்தது. மறையூருக்கு மேலே ஏற ஏறத் தேயிலை வந்தது, பிறகு பனி வந்து தேயிலையை அழித்தது, பிறகு பனியே விலகி அதே தேயிலையைத் திரும்ப வைத்தது. ஜன்னலோரம் அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள். நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் நான் மறுப்புத் தத்துவத்தை ஒத்திகை பார்த்தேன். டிரம்காரன் அவ்வப்போது என் தொடையில் கிள்ளி, “ஓசையை மறுக்கறவனே, சித்த நகந்து உக்காரு, கியரு போடோணும்,” என்றான்.

பாடகன் குடியிருப்பது எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மனைவிக்கு ஃபாக்டரி கொடுத்த வீட்டில். வாசலில் ஜீப். எங்களைப் பார்த்ததும், “ஏலே, ரெண்டு கெழடுகளும் சேந்து வந்திருக்கு!” என்று கத்தினான். கத்தினான் என்று நான்தான் எழுதுகிறேன். வந்தது காற்றும் கரகரப்பும் மட்டும்.

“என்னடா தொண்டை?”

“குரல் நரம்புல காய்ப்பு விழுந்திருக்காம்ல. கத்திக் கத்தி விழுந்ததாம். டாக்டர் சொன்னாரு. மேல போற சுருதி எல்லாம் போயிருச்சு.”

அவன் மனைவி சிரித்துக்கொண்டே வந்தார். “வாங்கண்ணே. இவுக பாட்டுக்காரருன்னு நீங்களாச்சும் சாட்சி சொல்லுங்க. கல்யாணமான நாள்லருந்து சொல்லுதாக, நான் நல்லாப் பாடுவேன் நல்லாப் பாடுவேன்னு. ஒரு பாட்டு போட்டுக் காட்டுனாக. பஸ்ஸ வெரட்டுற பாட்டு! அதுக்குப் பேரு பாட்டாண்ணே? எங்க ஃபாக்டரி மெஷினு நல்லாப் பாடும்.” பால் வாங்கி வருகிறேன் என்று எஸ்டேட் கடைக்கு இறங்கிப் போனார். அவன் ஜீப் கண்ணாடியைத் துடைத்தான்.

டிரம்காரன் போனை ஜீப்பின் ஸ்பீக்கரோடு இணைத்து ஐந்து பாட்டையும் போட்டான். பாடகன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கியர் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டான். வண்டி எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோலவே இருந்தது. தகரக் கூரையின் மழை அந்த மலைச்சரிவில் பெய்தது, தேயிலைச் செடிகள் நனையவில்லை. சங்குப் பாட்டு ஏறி மேலே நின்றபோது அவன் தொண்டை அசைந்தது, சத்தம் வரவில்லை.

“கரையான் தின்னுருக்கும்னுல்லலே சொன்னிய?”

“திங்கலீடா,” என்றான் டிரம்காரன்.

நான் காத்திருந்த நேரம் இதுதான். முரடன் கொதித்தெழுந்து அழித்துப் போடுங்கடா என்பான். அவன் என்னைப் பார்த்தான். “இத என் வீட்டுக்காரி கேக்கணும்ல. என் தொண்ட எப்படி இருந்துச்சுன்னு அவளுக்கு ஒரே ஒரு தடவ தெரியணும். இப்பப் பாடிக் காட்ட முடியாது பாத்துக்க. வேற எதுலயும் அது இல்ல.” கியரிலிருந்து கையை எடுத்தான். “ஆனா மூணு பேரும் சொல்லணும். அதான நம்ம பேச்சு. நீ அன்னைக்கே வேண்டாம்ன. இப்பவும் வேண்டாம்னா இங்கயே அழிச்சிரு. அவளுக்கும் போட மாட்டேன், ஊருக்கும் வேண்டாம்.”

மனிதன் இவ்வளவு நேர்மையாக இருந்தால் மற்றவன் என்னதான் செய்வது? சரி என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ வேர்த்துக் கொட்டியது. மலையில், பனியில். சரி என்றால் பாட்டு வெளியே போகும், பாட்டு போனால் கேள்வி வரும், கேள்வி வந்தால் செம்பருத்தி மாலை வெளியே வரும். வாயைத் திறந்தேன். “அதாவது, அந்த மறுப்பு...” என்றேன்.

“எந்த மறுப்புல?”

அந்தப் பெண் முன்னால் வந்தாள். “கிதாரைத் துறந்தேளே, அதைப் பத்தி அண்ணா சொன்னார். பொருளை மறுக்கிறது, ஓசையை மறுக்கிறதுன்னு.”

பாடகன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “கிதாரு பூசையிலல்லா இருந்துச்சு. சரஸ்வதி பூச. இந்த டிரம்முக்காரன் அம்மா வச்சிட்டாக. எப்படி எடுக்க?”

நான் தேயிலையைப் பார்த்தேன். தேயிலை எவ்வளவு பச்சை, எவ்வளவு அடர்த்தி, ஓர் ஆள் அதற்குள் புகுந்து தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கிப் போய்விடலாம் என்றெல்லாம் யோசித்தேன். அவள் சிரிக்கப் போகிறாள். பங்க் குழுவாம், பூஜையறை வாசலில் கன்னத்தில் போட்டுக்கொண்டதாம்.

அவள் சிரிக்கவில்லை. புருவத்தைத் தூக்கி, “பின்னே? பூஜைக்கு வெச்ச சாதனத்தை எடுக்கப்படாதே!” என்றாள், இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல. “எங்காத்துல என் லேப்டாப்பையே வெச்சுடறா. அந்த நாள்ல எனக்கும் ஜோலி இல்லை. இதை நேரா சொல்லியிருக்கலாமே அண்ணா? அந்த மறுப்பு நேக்குப் புரியவே இல்லை. பெரியவர் சொல்றாரேன்னு தலையாட்டினேன்.”

டிரம்காரன் ஜீப்பின் மறுபக்கம் போய்க் குனிந்துகொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது.

“போடுங்க,” என்றேன். “ஊருக்கும் போடுங்க, ஊட்டுக்கும் போடுங்க. மொபெட்டு ஒப்பாரியும் சேத்துத்தான்.”

பாடகன் கையை நீட்டி என் காதைத் திருகினான். அவ்வளவுதான் அவன் நன்றி.

மனைவி பால் பாக்கெட்டோடு மேடேறி வந்தார். “ஏட்டி, இங்க வா. இதக் கேளு,” என்று பக்கத்து சீட்டைத் தட்டினான். அவர் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சங்குப் பாட்டைப் போட்டான். முதலில் அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். குரல் ஏறத் தொடங்கியதும் அவர் தலை ஃபாக்டரிப் பக்கம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஒன்றும் ஊதவில்லை. பாட்டு முடிகிறவரை அந்தப் பக்கமே பார்த்திருந்தார்.

“யாரு இது?” என்றார்.

“நான்தான்.”

“போங்க. இது நீங்க இல்ல.”

“நான்தாம்ட்டி. கேளு இவன்ட்ட.”

“அண்ணமாரு உங்களுக்குத்தான் சாட்சி சொல்லுவாக. இது நீங்க இல்ல. இது யாரோ.”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே நம்பவில்லை. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தோம், அவன் கையால் தடுத்துவிட்டான். தொண்டையைச் செருமினான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்து, அடியிலிருந்து ஆரம்பித்தான். கீழே கொஞ்ச தூரம் வந்தது, கரகரப்போடு, அதே வளைவு, அதே நிதானம். முதல் மேடு ஏறினான். இரண்டாவது மேட்டில் குரல் உடைந்து காற்றாகப் போனது. அவன் நிறுத்தவில்லை. காற்றாகவே மிச்ச வழியையும் போனான், உச்சி எங்கே என்று கையால் காட்டி, அங்கே அவ்வளவு நேரம் நின்று, இறங்கி வந்தான்.

மனைவி மடியிலிருந்த பால் பாக்கெட்டைக் கையில் எடுத்தார்.

“ம். நீங்கதான்,” என்றார். டீ போட உள்ளே போனார்.